மூளை உறைக் கட்டி: அறுவை சிகிச்சையின் பலனைத் தீர்மானிப்பவை எவை?

தங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்யப்பட்டு, அறிக்கையில் 'மெனிஞ்சியோமா' என்ற சொல் இடம்பெற்றிருந்தால், மருத்துவரிடம் தாங்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'உயிருக்கு ஆபத்து உண்டா?' என்பதாக இருக்கும். அடுத்த கேள்வி, 'கட்டியை முழுவதும் எடுத்துவிடலாமா?' என்பதாகும். இவ்விரு கேள்விகளும் நியாயமானவை. ஆயினும் அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி எவ்வாறு வாழ்வார் என்பதை அறிய இவை மட்டும் போதா.

ஸ்கேன் வசதிகள் பெருகியுள்ளதால், எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடமும் இக்கட்டி இன்று தற்செயலாகக் கண்டறியப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட புதிய வகைப்பாடு, கட்டியின் மரபணு மாற்றங்களையும் கணக்கில் கொள்ளுமாறு கூறுகிறது. சில ஹார்மோன் மருந்துகளுக்கும் இக்கட்டிக்கும் உள்ள தொடர்பு குறித்து 2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு உலகெங்கும் கவனத்தை ஈர்த்தது. இம்மாற்றங்களின் பின்னணியில், மெனிஞ்சியோமா அறுவை சிகிச்சையின் விளைவு எவற்றைப் பொறுத்து அமைகிறது, அவற்றுள் தங்கள் கையில் இருப்பவை எவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மெனிஞ்சியோமா என்பது யாது?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் சூழ்ந்துள்ளன. அவற்றுள் நடுவில் அமைந்த மெல்லிய சவ்வின் உயிரணுக்களிலிருந்து தோன்றுவதே மெனிஞ்சியோமா. இது மூளைத் திசுவிலிருந்து பிறப்பதில்லை. வெளியிலிருந்து வளர்ந்து மூளையை அழுத்துகிறது. 'மெனிஞ்சியோமா' என்னும் பெயரை 1922-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் சூட்டினார்.

பெரியவர்களிடம் மூளையிலும் அதன் உறைகளிலும் தோன்றும் முதன்மைக் கட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக ஏற்படுகிறது. வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. இக்கட்டிகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு முதல் தரத்தைச் சேர்ந்தவை, மெதுவாக வளர்பவை, பிற உறுப்புகளுக்குப் பரவாதவை. ஆகவே, 'மூளையில் கட்டி' என்ற சொற்கள் தரும் அச்சத்திற்கும் இந்நோயின் உண்மை நிலைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

ஆனால், 'புற்றுநோயன்று' என்பதற்கு 'தீங்கற்றது' என்று பொருளில்லை. மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதனுள் மெதுவாக வளரும் கட்டியும் பார்வை நரம்பை நசுக்கலாம், வலிப்பை உண்டாக்கலாம், கை கால்களைச் செயலிழக்கச் செய்யலாம்.

ஒரே நோயாளி, ஒரே மருத்துவர், இரு வேறு முடிவுகள்

அறுவை சிகிச்சையின் பலன் எவற்றைச் சார்ந்தது என்பதை விளக்க, மருத்துவ வரலாற்றில் நன்கறியப்பட்ட ஒரு நிகழ்வு உதவும். அமெரிக்கப் படைத் தளபதி லெனார்டு வுட் என்பவருக்கு, மண்டையோட்டின் உச்சியில் நடுக்கோட்டை ஒட்டி மெனிஞ்சியோமா இருந்தது. இடது காலில் உணர்வுக் குறைவும் இழுப்பும் ஏற்பட்டன. 1910-இல் ஹார்வி குஷிங் இரு கட்டங்களாக அறுவை செய்து கட்டியை அகற்றினார். வுட் நலம் பெற்றுப் பணிக்குத் திரும்பினார். அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பணியாற்றினார். 1921-இல் பிலிப்பைன்ஸின் தலைமை ஆளுநரானார்.

காலப்போக்கில் கட்டி மீண்டும் வளர்ந்தது. இடது பக்கத் தளர்ச்சி கூடியது, பார்வையும் குன்றியது. பணிச் சுமையால் சிகிச்சை தள்ளிப் போயிற்று. 1927 ஆகஸ்டில் அதே குஷிங் மீண்டும் அறுவை செய்தார். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் இரத்தக் கசிவினால் வுட் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 66.

இடைப்பட்ட 17 ஆண்டுகளில் மருத்துவக் கருவிகள் பின்னடையவில்லை. இரத்தப் போக்கை மின்சாரத்தால் அடக்கும் கருவியைக் குஷிங் 1926-இலேயே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். அவருடைய அனுபவமும் பன்மடங்கு பெருகியிருந்தது. மாறியிருந்தவை பிற: நோயாளியின் வயது கூடியிருந்தது; கட்டி மீண்டும் வளர்ந்திருந்தது; நரம்பு பாதிப்பு முற்றியிருந்தது; காலம் கடந்திருந்தது. அறுவை மருத்துவரின் திறமை இன்றியமையாதது. எனினும் விளைவைத் தீர்மானிக்கும் பல காரணிகளுள் அதுவும் ஒன்றே. அக்காரணிகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

கட்டியைச் சார்ந்த காரணிகள்

இருப்பிடம்: இதுவே மிக முதன்மையான காரணி எனலாம். மூளையின் மேற்பரப்பில், மண்டையோட்டின் வளைவுக்கு நேர் கீழே அமைந்த கட்டியை எளிதில் அணுகலாம். பெரும்பாலும் முழுமையாக அகற்றலாம். மண்டையோட்டின் அடித்தளத்தில் அமைந்த கட்டிகள் அவ்வாறல்ல. அங்குப் பார்வை நரம்புகள், கண்ணை அசைக்கும் நரம்புகள், முக நரம்பு, கேள்வி நரம்பு, விழுங்குதலுக்கான நரம்புகள், மூளைக்குக் குருதி செலுத்தும் பெருந்தமனிகள் ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. கண்ணுக்குப் பின்புறமுள்ள சிரைக்குழிவுக்குள் புகுந்த கட்டியையும், மூளைத்தண்டுக்கு முன்னால் வளரும் கட்டியையும் முழுவதும் அகற்ற முற்படுவது, கட்டியைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கக்கூடும்.

இரத்த நாளங்கள்: வுட்டுக்கு இருந்ததைப் போல நடுக்கோட்டில் வளரும் கட்டிகள், மூளையின் குருதியை வெளியேற்றும் பெருஞ்சிரையின் சுவருக்குள் ஊடுருவக்கூடும். அச்சிரை இன்னும் திறந்திருக்கும் நிலையில் அதைச் சேதப்படுத்தினால் மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படலாம். ஆகவே சிரையை ஒட்டிய சிறு பகுதியை அவ்வாறே விட்டுவிட மருத்துவர் முடிவு செய்யலாம். குருதி ஓட்டம் மிகுந்த சில கட்டிகளுக்கு, அறுவைக்கு முன்பே தமனி வழியாகக் குழாய் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் குருதியைத் தடுப்பதும் உண்டு.

அளவும் சுற்று வீக்கமும்: கட்டி பெரிதாக இருந்தால் அறுவை நேரமும் குருதி இழப்பும் கூடும். கட்டியைச் சூழ்ந்த மூளைப் பகுதியில் நீர் கோத்து வீங்கியிருப்பதும் விளைவைப் பாதிக்கிறது. கட்டிக்கும் மூளைக்கும் இடையிலான மெல்லிய தளம் அழிந்திருக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம். இவ்வீக்கத்தைக் குறைக்கவே அறுவைக்கு முன் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுகின்றன.

தரம்: அகற்றப்பட்ட திசுவை நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பரிசோதித்த பின்னரே கட்டியின் தரம் உறுதியாகும். முதல் தரம் மெதுவாக வளரும். இரண்டாம் தரம் மீண்டும் வளரும் வாய்ப்பு மிக்கது. மூன்றாம் தரம் அரிது. புற்றுநோயைப் போன்று நடந்துகொள்வது. 2021-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் எவ்வாறு தோன்றினாலும், குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் காணப்பட்டால் அக்கட்டி மூன்றாம் தரமாகவே கருதப்படும். ஆகவே திசுப் பரிசோதனை அறிக்கையைப் பெறாமல் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். அவ்வறிக்கையின் நகலை எப்போதும் பாதுகாத்து வையுங்கள்.

'முழுவதும் எடுத்தாயிற்றா?' என்ற கேள்வி

1957-இல் டொனால்டு சிம்ப்சன் என்ற அறுவை மருத்துவர், கட்டி எந்த அளவுக்கு அகற்றப்பட்டது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். கட்டியையும், அது ஒட்டியிருந்த உறையையும், பாதிக்கப்பட்ட எலும்பையும் முழுமையாக அகற்றுவது முதல் நிலை. உறையை வெட்டியெடுக்காமல் மின்சூட்டால் கருக்குவது இரண்டாம் நிலை. கட்டியை மட்டும் அகற்றி, உறையை அவ்வாறே விடுவது மூன்றாம் நிலை. கட்டியில் ஒரு பகுதியை விட்டுவிடுவது நான்காம் நிலை. அழுத்தத்தைக் குறைப்பதோடு அல்லது திசு மாதிரி எடுப்பதோடு நிறுத்துவது ஐந்தாம் நிலை. அவருடைய நோயாளிகளிடம் கட்டி மீண்டும் தோன்றியது முதல் நிலையில் 9 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 19 விழுக்காடு, மூன்றாம் நிலையில் 29 விழுக்காடு. நான்காம் நிலையில் ஏறத்தாழ 40 விழுக்காடு.

இவ்வெண்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறுவை அரங்குகளை வழிநடத்தின. முழுமையாக அகற்றுவதே இலக்கு என்ற எண்ணம் வேரூன்றியது. ஆனால் சிம்ப்சன் அந்த ஆய்வைச் செய்த காலத்தில் சி.டி. ஸ்கேன் இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை, அறுவை நுண்ணோக்கி நடைமுறைக்கு வரவில்லை, எஞ்சிய கட்டியைக் கட்டுப்படுத்தும் நுட்பமான கதிர்வீச்சு முறைகளும் இல்லை. இன்று எஞ்சிய பகுதியை எம்.ஆர்.ஐ. மூலம் ஆண்டுதோறும் கண்காணிக்கலாம். அது வளர்ந்தால் கதிர்வீச்சு அளிக்கலாம்.

எனவே இலக்கு இன்று சற்று மாறியுள்ளது. பாதுகாப்பாக எவ்வளவு அகற்ற இயலுமோ அவ்வளவு அகற்றுவதும், நரம்புகளின் செயல்பாட்டைக் காப்பதும் ஒன்றாகக் கருதப்படுகின்றன. மேற்பரப்பில் உள்ள கட்டிக்கு முழு அகற்றலே இன்றும் சிறந்த சிகிச்சை, அதில் ஐயமில்லை. ஆனால் பார்வை நரம்பையோ பெருந்தமனியையோ சுற்றிப் படர்ந்த கட்டியில், 'சிறிது விட்டுவிட்டோம்' என்று மருத்துவர் கூறினால், அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். ஒரு கண்ணின் பார்வையையோ, உணவை விழுங்கும் ஆற்றலையோ காப்பதற்காக எடுக்கப்பட்ட முடிவாக அது இருக்கலாம். அக்காரணத்தை விளக்குமாறு கேட்பது தங்கள் உரிமை.

நோயாளியைச் சார்ந்த காரணிகள்

வயதும் உடல் நலிவும்: 'இந்த வயதில் அறுவை வேண்டாம்' என்று குடும்பத்தினர் மறுப்பதைப் பரவலாகக் காண்கிறோம். வயது கூடும்போது இடர் கூடுவது உண்மையே. ஆயினும் பிறந்த ஆண்டைக் காட்டிலும் உடலின் நிலையே மிகுதியாகப் பொருட்படுத்தத்தக்கது. தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டு நடமாடும் 75 வயது மூதாட்டி, படுக்கையில் முடங்கிய 60 வயதுடையவரைவிட அறுவையை நன்கு தாங்கக்கூடும். நோயாளியின் அன்றாடச் செயல்திறனை 0 முதல் 100 வரை அளவிடும் கார்னோஃப்ஸ்கி மதிப்பெண்ணை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். இதில் 70 என்பது, வேலைக்குச் செல்ல இயலாவிட்டாலும் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் நிலையைக் குறிக்கும். முதியோரின் இடரைக் கணிக்கும் 'ஸ்கேல்' என்ற முறை, நோயாளி ஆணா பெண்ணா என்பது, செயல்திறன், பிற நோய்களின் கடுமை, கட்டியின் இருப்பிடம், சுற்று வீக்கம் ஆகிய ஐந்தையும் சேர்த்து மதிப்பிடுகிறது. இவ்வைந்தில் வயது இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும்: கட்டுப்பாடற்ற சர்க்கரை, காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரை அளவை மேலும் உயர்த்தும். கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம், அறுவைக்குப் பின் மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இவ்விரு நோய்களுக்குமான மருந்துகள் இல்லங்களுக்கே கொண்டுவந்து வழங்கப்படுகின்றன. அறுவைக்கு நாள் குறித்த பின்னர் சர்க்கரையைக் குறைக்க விரைவதைவிட, தொடர்ந்து கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே பலன் தரும்.

உட்கொள்ளும் மருந்துகள்: இதய நோய்க்காகவோ பக்கவாதத்திற்காகவோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். இவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது. சித்த, ஆயுர்வேத, நாட்டு மருந்துகளை உட்கொண்டாலும் மறைக்காமல் கூறுங்கள்.

புகைப்பழக்கம், இரத்த சோகை, ஊட்டக் குறைவு: இம்மூன்றும் காயம் ஆறுவதையும் நுரையீரலின் நிலையையும் பாதிப்பவை. அவசர நிலை இல்லாதபோது, அறுவைக்கு முந்தைய வாரங்களில் இவற்றைச் சீர்செய்ய இயலும்.

மருத்துவமனையைச் சார்ந்த காரணிகள்

அமெரிக்க மருத்துவமனைகளில் 1988 முதல் 2000 வரை நடைபெற்ற மெனிஞ்சியோமா அறுவைகளை ஆராய்ந்தவர்கள், இவ்வறுவையை மிகுதியாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் குறைவாக இருப்பதைக் கண்டனர். இதற்குத் தனி ஒரு மருத்துவரின் கைத்திறன் மட்டும் காரணமன்று. மூளை அறுவையில் பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர், செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி, நள்ளிரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் வசதி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த வேறுபாடு. அறுவைக்குப் பின் நோயாளியின் உணர்வு நிலை மங்குவதைச் செவிலியர் உடனே கண்டறிந்து, உடனடியாக ஸ்கேன் எடுத்து, தேவையெனில் மீண்டும் அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்ல இயலுமா என்பதே பல நேரங்களில் உயிரைக் காக்கிறது.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கு நீண்ட மரபு உண்டு. 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் பி. இராமமூர்த்தியும் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூளைக் கட்டிகளுக்கான அறுவை சிகிச்சைகளும் அடங்கும். தகுதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுப் பயன் பெறலாம். சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தை அணுகி ஒப்புதல் நடைமுறையைத் தொடங்கினால், பணத்தைக் காரணமாகக் கொண்டு நாள்கள் வீணாவதைத் தவிர்க்கலாம்.

அறுவைக்குப் பின் வரும் நாள்கள்

அறுவை அரங்கின் கதவு திறந்து 'நல்லபடியாக முடிந்தது' என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தினர் பெருமூச்சு விடுவது இயல்பே. ஆனால் அடுத்த சில வாரங்களும் விளைவைத் தீர்மானிப்பவையே.

இரத்தக் கசிவு: பெரும்பாலும் முதல் நாள்களிலேயே நிகழும். அதனால்தான் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டு, மணிக்கொரு முறை பெயர் கேட்டு, கை கால்களை அசைக்கச் சொல்லிச் சோதிக்கப்படுகிறார். 'உறங்க விடாமல் தொந்தரவு செய்கிறார்கள்' என்று எண்ண வேண்டாம்.

கால் சிரைகளில் இரத்தக் கட்டு: மெனிஞ்சியோமா அறுவைக்குப் பின் இதற்கான வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து அமர்வதும் நடப்பதும், காலுறைகளும், தேவைப்பட்டால் ஊசி மருந்தும் இதைத் தடுக்கும். 'தலையில் அறுவை செய்தவர் அசையக் கூடாது' என்ற எண்ணத்தில் உறவினர்கள் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பது நன்மை தராது.

வலிப்பு: இந்நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு அறுவைக்கு முன்பே வலிப்பு ஏற்பட்டிருக்கும். அவர்களுள் மூவரில் இருவர் அளவுக்கு அறுவைக்குப் பின் வலிப்பிலிருந்து விடுபடுகின்றனர். ஆனால் மருந்தை எப்போது குறைப்பது என்பதை மருத்துவரே கூற வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மீண்டும் வலிப்பை வரவழைக்கும். மருத்துவர் அனுமதிக்கும் வரை இருசக்கர வாகனம் உள்ளிட்ட எவ்வாகனத்தையும் ஓட்டக் கூடாது. கிணறு, குளம், அடுப்பு, உயரமான இடங்கள் ஆகியவற்றின் அருகில் தனியே இருக்கக் கூடாது.

ஸ்டீராய்டு மருந்து: இதையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்துவது ஆபத்து.

தொற்றும் நீர்க் கசிவும்: காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் ஒழுகுதல், காய்ச்சல், கழுத்து விறைப்பு, காயம் சிவந்து வீங்குதல் ஆகியவை தோன்றினால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்காணிப்பு: முதல் தரக் கட்டிக்கு, அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஒரு எம்.ஆர்.ஐ., பின்னர் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கொரு முறை, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை என்பது ஐரோப்பிய நரம்பியல் புற்றுநோய்ச் சங்கத்தின் பரிந்துரை. இரண்டாம் தரத்திற்கு ஆறு மாதங்களுக்கொரு முறையும் மூன்றாம் தரத்திற்கு அதைவிட அடிக்கடியும் தேவை. மூன்றாம் தரக் கட்டிக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் அளிக்கப்படும். வுட்டின் வரலாறு இங்குதான் நமக்குப் பாடமாகிறது. நலமாக இருக்கும் ஆண்டுகளிலேயே கண்காணிப்பைக் கைவிட்டுவிடுகிறோம். அறிகுறிகள் திரும்பிய பின்னரே மருத்துவரை நினைக்கிறோம்.

அனைவருக்கும் அறுவை தேவையா?

தேவையில்லை. தற்செயலாகக் கண்டறியப்பட்ட, சிறிய, அறிகுறிகளற்ற கட்டியை உடனே அகற்ற வேண்டிய கட்டாயமில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு எம்.ஆர்.ஐ., அதன்பின் ஆண்டுக்கொரு முறை என்று கவனித்து வரலாம். பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அளவு மாறாமலே இருக்கின்றன. வளரும் சிறிய கட்டிகளுக்கு, குறிப்பாக அறுவைக்கு எளிதில் எட்டாத இடத்தில் இருப்பவற்றுக்கு, குறி தவறாத கதிர்வீச்சு அறுவை ஒரு மாற்று வழியாகும். பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பார்வை நரம்பைத் தொடாத கட்டிகளே இதற்கு ஏற்றவை.

ஹார்மோன் மருந்துகள் குறித்த செய்தியையும் இங்குத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2024 மார்ச்சில் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் வெளியான பிரெஞ்சு ஆய்வு, மெனிஞ்சியோமா அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களின் தரவுகளைப் பிற பெண்களின் தரவுகளோடு ஒப்பிட்டது. மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஊசியை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா ஏற்படும் வாய்ப்பு 5 மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. ஹார்மோன் கலந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பை வளையத்தில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை.

இந்தியாவில் 'அந்தரா' என்ற பெயரில் அரசு சுகாதார நிலையங்களில் மூன்று மாதங்களுக்கொரு முறை வழங்கப்படும் கருத்தடை ஊசியும் இதே மருந்துதான். இச்செய்தி கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இளம் பெண்களிடம் மெனிஞ்சியோமா மிக அரிது. அரிதான ஒன்று ஐந்து மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். திட்டமிடாத கருத்தரிப்பினால் ஏற்படும் இடர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே மெனிஞ்சியோமா உள்ளவர்களும், முன்பு இருந்தவர்களும் இவ்வூசியைத் தொடர்வது குறித்து மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். காப்பர்-டி போன்ற மாற்று வழிகள் உள்ளன. சைப்ரோடிரோன் போன்ற ஹார்மோன் மருந்தை நிறுத்திய பின் கட்டி வளர்ச்சி நின்றதும், சிலரிடம் சுருங்கியதும் பதிவாகியுள்ளன. எனவே அறுவைக்கு முன், நீண்ட காலம் எடுத்துக்கொண்ட ஹார்மோன் மருந்துகளின் விவரத்தைத் தெரிவிப்பது, அறுவை தேவையா என்ற முடிவையே மாற்றக்கூடும்.

காலம்: தங்கள் கையில் இருக்கும் காரணி

கட்டியின் இடத்தையோ தரத்தையோ நாம் தேர்ந்தெடுக்க இயலாது. எந்த நிலையில் மருத்துவரை அணுகுகிறோம் என்பது பெருமளவு நம்மைப் பொறுத்தது. பார்வை நரம்பு இதற்குச் சிறந்த சான்று. அழுத்தம் தொடங்கிய சில மாதங்களுக்குள் அது நீக்கப்பட்டால் பார்வை மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கும். நரம்பு வெளிறி நலிந்த பின் எத்துணைத் திறமையான அறுவையும் இழந்த பார்வையைத் திருப்பித் தர இயலாது. எஞ்சியிருப்பதைக் காக்கவே முடியும்.

தலைவலி உள்ள பெரும்பாலோருக்கு மூளைக் கட்டி இருப்பதில்லை. எனினும் பின்வருவனவற்றைப் புறக்கணிக்க வேண்டாம்:

• கண்ணாடி மாற்றியும் சரியாகாத, ஒரு கண்ணில் மட்டும் படிப்படியாகக் குன்றும் பார்வை
• பெரியவர்களுக்கு வாழ்வில் முதன்முறையாக வரும் வலிப்பு
• நாளுக்கு நாள் கூடும் தலைவலி, குறிப்பாகக் காலையில் வாந்தியுடன் வருவது
• ஒரு பக்கக் கை அல்லது காலில் மெல்ல மெல்லக் கூடும் தளர்ச்சி
• ஒரு காதில் மட்டும் கேள்விக் குறைவு, அல்லது மணம் அறியும் திறன் இழப்பு
• முதியோரிடம் புதிதாகத் தோன்றும் மந்தநிலை, மறதி, நடத்தை மாற்றம், தன்னறியாமல் சிறுநீர் கழித்தல்

இறுதியாகக் கூறப்பட்டவை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கப்படுபவை. மூளையின் முன்பகுதியில் வளரும் மெனிஞ்சியோமா இவ்வடிவிலும் வெளிப்படலாம். தக்க நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• கட்டி எந்த இடத்தில் உள்ளது? அருகிலுள்ள நரம்புகளும் இரத்த நாளங்களும் எவை?
• இப்போதே அறுவை தேவையா? கண்காணிப்போ கதிர்வீச்சோ பொருந்துமா?
• முழுமையாக அகற்றுவது பாதுகாப்பானதா? சிறிது விட வேண்டியிருந்தால் ஏன்?
• அறுவையால் எந்தச் செயல்திறன் பாதிக்கப்படக்கூடும்? அது தற்காலிகமா, நிலையானதா?
• அறுவைக்கு முன் உடல்நிலையில் எவற்றைச் சீர்செய்ய வேண்டும்? அதற்குக் காலம் உண்டா?
• திசுப் பரிசோதனை அறிக்கை எப்போது கிடைக்கும்? அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது?

இக்கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், திசுப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் தொகுத்து வையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மருத்துவர் தங்களைப் பரிசோதிக்கும்போது, கட்டி வளர்ந்துள்ளதா என்பதை அக்கோப்பே அவருக்குச் சொல்லும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும், வலிப்பு நிற்காமை, மயக்கம், திடீர்ப் பக்கவாதம் போன்ற அவசர நிலைகளில் 108 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. ஒவ்வொரு நோயாளிக்குமான சிகிச்சையை, அவரை நேரில் பரிசோதித்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.